சிலுவையின் இடது கன்னம்

தூத்துக்குடி,
20 ஜனவரி 1946, ஞாயிறு, மாலை ஆறரை மணி.
பார்த்த வாய்கள்: இருநூற்றுப் பதினாறு.

அன்புள்ள அத்தான்,

நீங்கள் ரயிலேறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்கள் சுகத்தை விசாரித்தால் சிரிப்பீர்கள். அக்காவின் சுகத்தை விசாரித்ததாகச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாள் டார்ச் பிடித்ததில் வந்த கழுத்து வலி தவிர வேறு குறை இல்லை.

சென்னையிலிருந்து மாமியார் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைகள் கருவாடு கட்டிக்கொண்டு திரும்புவார்கள். நீங்கள் ரேடியம் வார்டு டாக்டர். உப்பளத்து ஆட்கள், துறைமுகத்து மூட்டைக்காரர்கள், புன்னைக்காயல் வள்ளக்காரர்கள் என்று இத்தனை பேர் வாயைத் திறக்கச் சொல்லிப் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறீர்கள். இந்த ஊருக்கு இதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை. எக்ஸ்ரே மிஷினைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத எனக்கே பெருமையாக இருக்கிறது. இதற்கு மேல் புகழ மாட்டேன்.

ஏழு பேரிடம் எடுத்த சதைத் துண்டுகள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. அந்த ஏழு பேருக்கும் நீங்கள் சொன்னதை மறுபடி ஒரு தரம் சொல்லிவிட்டேன்: சித்திரையில் ரேடியம் ஊசிப் பெட்டியோடு வருவீர்கள், மூன்று வாரம் இங்கேயே தங்கி, உங்கள் கையாலேயே ஊசி வைப்பீர்கள், அதுவரை யாரும் கத்தி வைத்துக்கொள்ளக் கூடாது, கத்தி பட்ட சதையில் ரேடியம் சரியாக வேலை செய்யாது.

சங்கு குளிக்கிற சிலுவையை நினைவிருக்கும். இடது கன்னத்தின் உட்பக்கம், காலணா அகலத்துக்குப் புண். "எம் பொண்டாட்டிகூட எம் வாய்க்குள்ள இம்புட்டு நேரம் பாத்ததில்ல டாக்டரே" என்றாரே, அவர்தான். நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் கன்னத்தை வெட்டி எடுக்க அவருக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் பேச்சைக் கேட்டபின் போவதா இருப்பதா என்று தடுமாறுகிறார். சதையின் ரிசல்ட்டைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

அக்காவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
இசக்கியப்பன்


சென்னை,
4 பிப்ரவரி 1946

அன்பு மாப்பிள்ளைக்கு, அநேக ஆசீர்வாதங்களுடன்.

திருச்செந்தூரான் கிருபையில் இங்கே நானும் உன் அக்கா சண்முகவடிவும் நலம். உன் கழுத்து வலிக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவச் சொல்கிறாள்.

உன் போன்ற ஒரு ஆள் ஒவ்வொரு துறைமுகத்திலும் இருந்தால் இந்தப் புற்றை ஆசியாவிலிருந்தே விரட்டிவிடலாம். இது முகஸ்துதியல்ல.

ஏழு துண்டுகளும் புற்றுதான். சந்தேகமில்லை. ஆனால் சிலுவையின் புண் ஆரம்பம்; ரேடியத்துக்கு அதைவிட நல்ல புண் கிடைக்காது. ஏழு நாள் சதைக்குள் ஊசி இருந்தால் போதும், கன்னம் கன்னமாகவே இருக்கும். வெட்டினால் வாய் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும், மூச்சை அடக்க முடியாது. சங்கு குளிக்கிறவனுக்கு அது வாழ்க்கை இல்லை. அவனை நாகர்கோவிலுக்கு அனுப்ப வேண்டாம்.

ஒரு வேலை உனக்கு. ஏழு பேர் புண்ணையும் மாதம் ஒரு தரம் படம் எடுத்து அனுப்பு. ஒரே தூரம், ஒரே வெளிச்சம். புண்ணுக்குப் பக்கத்தில் சின்ன அளவுகோல் வைத்து எடு. ஒரு மாதமும் தவறக் கூடாது. வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இது மிகவும் அவசியம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
17 பிப்ரவரி 1946

அன்புள்ள அத்தான்,

நலம். உங்கள் நலமும் அதுபோலவே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படங்கள் இதனுடன் வருகின்றன. கன்னத்தைக் கரண்டிக் காம்பால் விலக்கிப் பிடித்து எடுத்தேன். சிலுவையின் படம்தான் தெளிவு. மூச்சடக்கிப் பழகிய ஆள், அசையவே இல்லை.

ரேடியம் அறை தயார். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டோர் ரூம். கப்பல் சாமான் விற்கிற கடையில் ஈயத் தகடு வாங்கி நான்கு சுவருக்கும் ஆள் உயரத்துக்கு அறைந்துவிட்டேன். நர்சுகள் உட்கார ஒரு மறைப்பும் உண்டு. நீங்கள் வந்து ஊசிப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

சிலுவை நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அதை எப்படி முடிவு செய்தார் என்று எழுத வேண்டும். உங்களுக்குச் சிரிப்பு வரும். புன்னைக்காயல் கரையில், அவருடைய மச்சினன் தொம்மையும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டார்:

"அந்த டாக்டரு ஒங்களுக்கு என்ன முறை தம்பி?"

"அக்கா மாப்பிள்ளை."

"கூடப் பிறந்த அக்காளா?"

"ஆமா."

உடனே முகம் தெளிந்துவிட்டது. "ஏலே தொம்மை, கேட்டியா? பொறவு என்னத்துக்கு நாம யோசிக்கோம்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொம்மைதான் விளக்கினார். "தண்ணிக்குள்ள இறங்குதவன் கயித்தைப் பொண்டாட்டி கூடப் பிறந்தவந்தான் பிடிக்கணும். சொந்தத் தம்பி கேட்டாக்கூடக் குடுக்க மாட்டோம். தம்பிக்காரன் பங்குக்கு ஆசைப்பட்டு விட்டாலும் விட்டுருவான். தாலியறுத்துட்டு நிக்க அக்காளை எவன் பாப்பான்? இவரு கயித்தை நாந்தான் பிடிக்கேன்."

"அதே மாதிரி டாக்டரு கயிறு ஒங்க கையிலல்லா இருக்கு" என்றார் சிலுவை. "ஒங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு வராம எங்க போயிருவாரு?"

நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அங்கேயே அவிழ்த்துவிட்டார். இது ஒரு காரணமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவு சரியாக இருந்ததால் காரணத்தைத் திருத்தவில்லை.

சித்திரையில் எந்தத் தேதி? ரயில் நிலையத்துக்கு வண்டி சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு.

இசக்கியப்பன்


சென்னை,
30 மார்ச் 1946

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

படங்கள் இரண்டு செட்டும் வந்தன. அற்புதம். ஆபீஸ் காரியங்கள் நீ நினைக்கிற வேகத்தில் நடப்பதில்லை. சித்திரை சாத்தியமில்லை போலிருக்கிறது. ஆனியில் பார்க்கலாம். படம் மட்டும் நிற்கக் கூடாது. அளவுகோல் சற்றுச் சாய்ந்திருக்கிறது, நேராக வை.

ஆசிகள்.

செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
23 ஏப்ரல் 1946

அன்புள்ள அத்தான்,

நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

அளவுகோலை நேராக வைத்தேன். நீங்களே பாருங்கள். ஜனவரியில் காலணா. இப்போது ரூபாய் அகலம். ஓரம் தடித்துப் புரண்டிருக்கிறது. கீழ்த்தாடைக்கடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கைக்குத் தட்டுகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் உங்களோடு இரண்டு நாள் நின்றபோது கழுத்துக் கட்டி வந்தால் என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஈஸ்டருக்குப் புன்னைக்காயல் போயிருந்தேன். சிலுவை இரண்டு வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. வாயை இறுக்கி மூடினால் கன்னத்தில் கத்தி வைத்துக் கிழிப்பது போல வலிக்கிறதாம். முன்பெல்லாம் குளிருக்கு ஆகுமென்று தண்ணீருக்குள் போகும்போதுகூடப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் இறங்குவார். நீங்கள் விடச் சொன்ன அன்றைக்கே விட்டவர் இன்னும் தொடவில்லை. "டாக்டரு சொன்னதுல எம் பங்கைச் செஞ்சாச்சு" என்றார். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒரு வரி பதில் போதும். ஆனி வரை இவர் இருக்கலாமா, இப்போதே நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகட்டுமா? இருக்கலாம் என்றால் நீங்கள் பொறுப்பு. போகலாம் என்றால் நாளைக்கே கிளம்புகிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இசக்கியப்பன்


தந்தி
சென்னை, 6 மே 1946

பொறுக்கவும். கத்தி வேண்டாம். விவரம் கடிதத்தில்.
செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
2 ஜூன் 1946

அன்புள்ள அத்தான்,

தபால்காரன் நலம். தினமும் பார்க்கிறேன்.

தந்தியில் சொன்ன கடிதம் நான்கு வாரமாக வரவில்லை. மே மாதப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். சிலுவையின் படத்தை மட்டும் உங்கள் மேஜை விளக்குக்கடியில் வைத்துப் பார்க்கவும். கன்னத்தின் வெளித்தோல் நீலம் பாய்ந்து மினுங்குகிறது. இன்னும் சில நாளில் ஓட்டை விழும்.

ஊசிப் பெட்டிக்கு உத்தரவு தராமல் இழுத்தடிக்கிற ஆபீஸ்காரன் யாரென்று சொல்லுங்கள். பெயர் போதும். நானே ரயிலேறி வந்து அவன் மேஜையில் இந்தப் படத்தை வைக்கிறேன்.

அக்காவுக்காவது எழுத நேரம் இருக்கிறதா?

இசக்கியப்பன்


சென்னை,
27 ஜூன் 1946

என் செல்லத் தம்பி இசக்கிக்கு அக்கா சண்முகவடிவு எழுதிக்கொண்டது. நானும் அத்தானும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு மெலிந்துவிட்டதா என்று எழுது.

அத்தான் உனக்கு எழுதியாச்சு என்று சொன்னார்கள். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் எனக்குத் திருப்தி. அத்தான் சீமைக்குப் போகிறார்கள்! ஆகஸ்டு பதினைந்துக்கு மேல் பம்பாயில் கப்பல். லண்டனில் பெரிய பெரிய டாக்டர்கள் கூடுகிறார்களாம். உலகத்தில் உள்ள ஏழைகளுக்கெல்லாம் புற்று வைத்தியம் எப்படிக் கிடைக்கச் செய்வது என்று பேசப் போகிறார்களாம். அங்கே நீ எடுத்த படங்களைத் திரையில் காட்டப் போகிறார்கள். பெட்டி நிறைய உன் படம்தான். எல்லாம் என் தம்பி எடுத்தது என்று பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்னேன். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் பார்க்க மாட்டேன்.

போன வாரம் இங்கே வார்டின் பெரிய டாக்டர் சாப்பிட வந்திருந்தார். நல்ல மனுஷர், ரசம் மூன்று தரம் கேட்டு வாங்கினார். அவர் என்னிடம் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுமைசாலியை நான் பார்த்ததில்லம்மா. மார்ச்சிலேயே ரேடியம் ஊசியை எடுத்துட்டுப் போங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இப்போ வேண்டாம், ஆறு மாசப் படம் முடியட்டும்னு திருப்பிக் குடுத்துட்டார்." கையில் கிடைத்ததையும் வேண்டாம் என்று சொல்கிற குணம் யாருக்கு வரும், சொல்லு. அத்தான் மட்டும் ஏனோ அதற்குப் பிறகு சரியாகவே சாப்பிடவில்லை. என் சமையலில் குறையோ என்னவோ.

நீ ஒரு நடை வந்து வழியனுப்பிவிட்டுப் போ. முறுக்குச் சுட்டு வைக்கிறேன்.

உன் அக்கா,
சண்முகவடிவு


தூத்துக்குடி,
9 ஜூலை 1946

அத்தான்,

சுகம் விசாரிக்கவில்லை. அக்கா எழுதிய கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஊசி மார்ச்சில் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் எனக்கு "ஆபீஸ் காரியங்கள்" என்று எழுதியது மார்ச் முப்பதாம் தேதி. வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட என்று சொல்லிப் படம் கேட்டீர்கள். பின் என்று ஒன்று வரவே போவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சுவரில் ஈயம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கடிதம் வந்த மறுநாளே சிலுவையையும் தொம்மையையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போனேன். பஸ்ஸில் சிலுவை சோடா கேட்டார். குடித்ததில் பாதி கன்னத்து ஓட்டை வழியாகச் சட்டையில் வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலுவை துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏலே மச்சான், எனக்கு ரெண்டு வாய் ஆயிப்போச்சு. இனி ஒண்ணுல உன்னை ஏசலாம், ஒண்ணுல கஞ்சி குடிக்கலாம்" என்றார். தொம்மை சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே இருந்த சர்ஜன் கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஜனவரியில நான் நாள் குறிச்ச ஆள்தானே இவர்?"

"ஆமா."

"அன்னிக்கு வந்திருந்தா ஒரு கன்னம் போயிருக்கும். ஆள் இருந்திருப்பார். ஏன் வரலை?"

கத்திக்கு நேரம் கடந்துவிட்டது, வலிக்கு மருந்து தரலாம் என்றார். அதை நான்தான் சிலுவையிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "விடுங்க தம்பி, இவுகளுக்குக் கத்தி ஒண்ணுதான் தெரியும். நம்மகிட்ட ஒங்க அத்தான் ஊசி இருக்குல்லா?"

என்னைத் தேற்றுகிறார், அத்தான். அவர் என்னைத் தேற்றுகிறார்.

ரேடியம் இனி குணப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் புண்ணைச் சுருக்கி வலியைக் குறைக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மற்ற ஆறு பேரில் நான்கு பேருக்கு இன்னும் கழுத்தில் கட்டி இல்லை. கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஊசியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வந்தால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். வந்துவிடுங்கள்.

இசக்கியப்பன்


சென்னை,
25 ஜூலை 1946

அன்பு மாப்பிள்ளைக்கு,

யாவரும் நலம். உன் மனநிலைதான் நலமாக இல்லை என்று தெரிகிறது. வயது அப்படி.

நிதானமாக யோசி. மூன்று வாரம் நான் அங்கே வந்திருந்தால் ஏழு பேர். அதோடு சரி. வைத்தியமே செய்யாமல் விட்டால் இந்தப் புண் மாதாமாதம் எப்படி வளர்கிறது என்பதற்கு வரிசையான படம் நான் தேடியவரையில் எங்கும் இல்லை. இப்போது இருக்கிறது. கொழும்பிலும் ரங்கூனிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொண்டு சாகிற கூலிக்காரர்களுக்கு ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரி வேண்டும் என்று எந்தச் சர்க்காரை நம்பவைக்க வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கிற சாட்சி வேண்டும். ஏழு பேரால் லட்சம் பேர் பிழைப்பார்கள். இதை நான் சந்தோஷமாகச் செய்தேன் என்று நினைக்காதே.

ஊர் சுற்றி வர இப்போது அவகாசமில்லை. ஜூலைப் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆறாவது மாதம் இல்லாவிட்டால் வரிசை முழுமையாகாது. எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்பு. மூன்றாம் நம்பருக்கு முடிவு நேர்ந்தால் தேதியும் நேரமும் குறித்து எழுது.

உன் அக்காவிடம் இதையெல்லாம் விவரிக்க வேண்டாம். அவள் மனசு தாங்காது.

ஆசிகளுடன்,
செந்தூர்பாண்டி


தூத்துக்குடி,
4 ஆகஸ்டு 1946

டாக்டர் செந்தூர்பாண்டி அவர்களுக்கு,

மூன்றாம் நம்பர் உயிரோடு இருக்கிறார். பெயர் சிலுவை. கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிகிறார்கள். நேற்றுப் போனபோது பேச முடியாமல், விரலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் ஊசி போலக் காட்டி, எப்போது என்று கையால் கேட்டார். தொம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் லட்சம் பேர் கணக்கை ஒரு வாரமாகப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஏழு பேரிடம் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிலுவை ஜனவரியிலேயே பஸ் ஏறியிருப்பார். உங்கள் வார்த்தையை நம்பி அவர் நிற்கவில்லை, என் வார்த்தையை நம்பி நின்றார். அது உங்களுக்குத் தெரிந்துதான் என் மூலமாகச் சொல்ல வைத்தீர்கள்.

இனி இந்த விலாசத்துக்குக் கடிதம் எழுத வேண்டாம். நான் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். பிறகு தெரியாது என்று நீங்கள் சொல்லக் கூடாது.

1. கட்டி இல்லாத நான்கு பேரையும் நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போவேன். சர்ஜன் கத்தி வைக்கச் சம்மதித்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் லீவு தராவிட்டால் வேலையை விடுவேன்.

2. ஜூலைப் படம் எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டேன்.

3. உங்கள் பெரிய டாக்டருக்கு எழுதுவேன். அவர் கொடுத்த ஊசியை நீங்கள் ஏன் திருப்பினீர்கள் என்பதை எழுதுவேன். வேறு டாக்டர் யாரையாவது அதே ஊசியோடு அனுப்பச் சொல்லிக் கேட்பேன். அறை தயாராகத்தான் இருக்கிறது.

4. லண்டனில் கூடுகிறவர்களுக்கும் எழுதுவேன். இங்கிலீஷில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

5. அக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்வேன். அவள் மனசு என்ன தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

6. இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், இன்றைக்கே புன்னைக்காயல் போவேன். தொம்மையையும் வைத்துக்கொண்டு, டாக்டர் வரமாட்டார் என்று சிலுவையிடம் சொல்வேன். ஊசி கிடைக்கவில்லையா என்று கையால் கேட்பார். கிடைத்தது என்று சொல்வேன்.

இசக்கியப்பன்